பதினேழாம் நம்பர் அத்தை

என் முனைவர் பட்டம் ஒரு தவளையின் வயிற்றில் இருந்தது. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆறு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, கழுத்து வலியைச் சம்பாதித்து, சொந்தக்காரர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் தலைகாட்டாமல் நான் சேர்த்து வைத்ததெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

விஷயம் இதுதான். நம் இதயம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறதல்லவா, அதை அந்தப் பக்கம் சாயச் சொல்வது யார் என்பதுதான் என் ஆராய்ச்சி. அப்படிச் சொல்கிற மரபணுக்களில் ஒன்றை நான் பிடித்திருந்தேன். தவளை முட்டை கருவான கையோடு அதற்குள் ஒரு சொட்டு மருந்தை ஊசியால் செலுத்தி அந்த மரபணுவின் வாயை அடைத்துவிட்டால், நாலு நாளில் தலைப்பிரட்டைக்கு இதயம் வலது பக்கம் வளைந்திருக்கும். தலைப்பிரட்டையின் உடம்பு கண்ணாடி மாதிரி; இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். முதல் முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற பேராசிரியர், "கண்ணீர்ல உப்பு இருக்கு, தட்டுல விழாம பாத்துக்கோங்க" என்றார்.

கட்டுரை எழுதி அனுப்பினேன். பத்திரிகைக்காக அதைச் சரிபார்த்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் தங்கமான மனிதர், நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். இரண்டாமவர் விடாக்கண்டர். "மருந்து கொடுத்த முட்டைகள் எல்லாம் பதினேழாம் எண் தவளையுடையவை. மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட முட்டைகளோ வேறு தவளையுடையவை. பதினேழாம் எண்ணின் பரம்பரையிலேயே இதயக் கோளாறு இருந்தால் என்ன செய்வீர்கள்? அதே தவளையின் முட்டைகளில் இரண்டையும் செய்து காட்டவும்" என்று எழுதியிருந்தார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. அன்றைக்குத் தட்டில் முட்டை மிச்சமில்லை என்று சோம்பேறித்தனமாக வேறு தட்டிலிருந்து எடுத்துப் போட்டவள் நான்தான்.

திருத்திய கட்டுரையைப் பத்திரிகை வாங்கிக்கொண்டதற்கான ரசீதைக் காட்டப் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த கெடு அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணி. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாம் முறை கேட்டால் அலுவலகத்துக் குமாஸ்தா என்னைப் பார்த்து எழுந்து நின்றே சிரிப்பார். வியாழன் மாலை தவளைக்கு முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி போட்டால் வெள்ளி காலை முட்டை. செவ்வாய்க்கிழமை இதயம். புதன்கிழமை காகிதம். இடையில் ஒருநாள்கூட உபரி கிடையாது. ஒரு முறை முட்டை போட்ட தவளைக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆகையால் தப்பினால் மறுமுறையும் கிடையாது.

தவளை அறை கீழ்த்தளத்தின் கோடியில் இருந்தது. எப்போதும் ஈரமான தரை, எப்போதும் ஓடும் பம்பு, இரும்புத் தட்டுகளில் நாற்பது தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை தொங்கும்: எண், கடைசியாக முட்டை போட்ட தேதி, முட்டையின் தரம். இவை தண்ணீரை விட்டு வெளியே வராத ஜாதித் தவளைகள். நாக்கு கிடையாது. தீனி போட்டால் யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது போல இரண்டு கையாலும் வாய்க்குள் திணித்துக்கொள்ளும்.

இவற்றுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான உத்தரவு. பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் முடிவு வளையும் என்பார். ஆனால் அந்த அறையை ஆண்டது அவர் இல்லை, தொட்டியண்ணன். தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, ஊசி போட்டு மறுநாள் காலையில் முட்டையைத் தட்டில் வாங்கி மூடியில் எண் எழுதிக் கொடுப்பது எல்லாம் அவர் கை. நாற்பது பெண் தவளைகளுக்கும் அவர் உறவு வைத்திருந்தார். எட்டாம் நம்பர் சம்பந்தியம்மா. இருபத்திரண்டு ஓரகத்தி. முப்பத்தொன்று நாத்தனார். எல்லாம் என் பொண்டாட்டி கூப்பிடற முறைங்க என்று ஒருமுறை ரகசியமாகச் சொன்னார். பதினேழு மட்டும் அவர் சொந்த முறை: பெரிய அத்தை.

அட்டையைப் பார்த்தால் பெரிய அத்தையைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒவ்வொரு முறையும் 'மிக நன்று', 'மிக நன்று' என்று வரிசையாக இருக்கும். உருண்டையாக, ஒரே அளவாக, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக முத்து மாதிரி முட்டை. மாறாக முப்பத்தொன்றாம் எண் நாத்தனாரின் அட்டையில் 'சுமார்', 'சுமார்', ஒரு இடத்தில் 'பரவாயில்லை'. அந்தத் தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் நான் மனசுக்குள், தண்டச்சோறு என்று திட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் கீழே போய், "அண்ணே, இந்தத் தடவை பதினேழுக்கு ஊசி நானே போடறேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த குழாயை நழுவவிட்டார். தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"எதுக்கு டாக்டரம்மா? நான் பாத்துக்க மாட்டேனா? எப்பவும் போல காலையில வந்து தட்ட வாங்கிக்கிட்டுப் போங்க." நான் சேர்ந்த முதல் நாளிலிருந்து என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆறு வருஷமாக அந்த வார்த்தை எனக்குக் கடன் மாதிரி கனத்துக்கொண்டிருந்தது.

"இது கடைசி சான்ஸ்ணே. யாரையும் நம்பற நிலைமையில நான் இல்ல. தொட்டியோட தூக்கிட்டுப் போய் என் ரூம்லயே வெச்சுக்கறேன்."

"ரூம்லயா? அத்தைக்கு இடம் மாறினா ஒத்துக்காது."

"ஒரு ராத்திரிதானே."

"ரெண்டு நாளா சரியா சாப்பிடல. கொஞ்சம் மந்தமா இருக்கு. நாத்தனார எடுத்துக்கறீங்களா? நல்ல பொண்ணு."

"நாத்தனாரா! அது போட்ட முட்டைய உங்க கையாலயே சுமார்னு எழுதியிருக்கீங்களே!"

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "மனுஷங்க மாறற மாதிரி தவளையும் மாறும்ல" என்றார், குரல் உள்ளே போய்விட்டது.

செல்லத் தவளைக்கு வேலை கொடுக்க மனசில்லை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். நேராக மாடிக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அட்டையின் நகலைப் புரட்டி, மூன்று மாதம் ஆகியிருக்கிறதா என்று நாட்களை விரல்விட்டு எண்ணி, "தகுதியான தவளை. எடுத்துக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார். மாலை ஆறு மணிக்கு பதினேழை ஈரத்துணியில் பிடித்து, பின்னங்காலுக்கு மேலே தோலுக்கடியில் ஊசி போட்டேன். வழவழவென்று கையிலிருந்து இரண்டு முறை துள்ளி, என் மேல் கோட்டையே குளிப்பாட்டிவிட்டது. தொட்டியண்ணன் கதவோரம் நின்று தன் வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியை என் அறைக்குத் தூக்கி வந்து, மூடி போட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் சமையலறை மேஜையில் பல் செட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை அதுதான், பல் வைத்தியர்களுக்குப் பொய்ப் பல் செய்து கொடுப்பது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் யாருடைய சிரிப்பாவது இருக்கும். உட்காருவதற்குள் மாமியாரின் போன் வந்தது. வாரம் ஒருமுறை வரும். ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாரும் சௌக்கியமா? விசேஷம் ஏதாவது உண்டா?"

"உண்டும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்குக் காலையில முட்டை."

"என்னடா சொல்ற?"

"தவளைம்மா, தவளை."

மாமியார் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எனக்கு மனப்பாடம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. எங்கள் இரண்டு பேருடைய பைலிலும் கடைசி வரி ஒன்றுதான்: காரணம் தெரியவில்லை. எங்களுக்கே அது ஆறிப்போன புண். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஆறுவதில்லை. அத்தை, சித்தி, அடுத்த வீட்டம்மா, லிப்டில் கூட வருகிறவர் என்று ஊரே என் வயிற்றுக்கு ஒரு அட்டை மாட்டி வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்து விளக்கைப் போட்டேன். தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. தரை தெரிந்தது. குனிந்து பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை கிடையாது. பதினேழு மட்டும் மேலே வந்து, இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, தீனி எங்கே என்று என்னைப் பார்த்தது.

கோபத்தில் எனக்கு வாய் கட்டுக்குள் நிற்கவில்லை. "வெட்கமா இல்ல உனக்கு? தின்னுதின்னு ஊதிப்போய் உட்கார்ந்திருக்கியே, ஒரு முட்டைக்கு வக்கில்ல! எதுக்குத்தான் இருக்க நீ? யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கத்தினேன். காலி அறையில் அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோதுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. லிப்டில் கூட வருகிறவர்கூட என்னை இவ்வளவு மட்டமாகக் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெட்கம் பிடுங்கித் தின்ன அழுதேன். பட்டத்துக்காகப் பாதி அழுகை, மீதி எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

கதவு தட்டும் சத்தம். தொட்டியண்ணன், ரப்பர் பூட்ஸோடு, கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய முட்டை. உருண்டையாக, ஒரே அளவாக, முத்து முத்தாக. மூடியில் 31 என்று எழுதியிருந்தது.

"நேத்து சாயந்திரமே நாத்தனாருக்கும் ஒரு ஊசி போட்டுட்டேன்" என்றார். "பேராசிரியர் அய்யாகிட்ட கேக்கல. உங்க கிட்டயும் கேக்கல."

"எனக்கு எதுக்குண்ணே முப்பத்தொண்ணு?" மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "அதே தாயோட முட்டைதான் வேணும்னு அந்த ஆள் எழுதியிருக்காரு. வேற தவளைன்னா மறுபடியும் அதே கேள்விதான் வரும்."

அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதே தாய்தான் டாக்டரம்மா."

"என்னது?"

"பதினேழு முட்டை போட்டு ரெண்டரை வருஷமாச்சு. நீங்க இதுவரைக்கும் பதினேழுன்னு வாங்கிட்டுப் போன தட்டு எல்லாம் முப்பத்தொண்ணுதான்."

அவரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. தவளை முட்டை கருவாகி ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். அதற்குள் ஊசி போட்டாக வேண்டும். ஆண் தவளையின் விந்து குளிர்பெட்டியில் தயாராக இருந்தது. முட்டைகளின் மேல் அதைத் தெளித்தேன், தண்ணீர் விட்டேன். இருபது நிமிஷத்தில் எல்லா முட்டையும் ஒழுங்காகக் கறுப்புப் பக்கத்தை மேலே திருப்பிக்கொண்டன. முட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைக் கரைத்தபோது அறை முழுக்க அழுகிய நாற்றம் அடித்தது. தொட்டியண்ணன் ஜன்னலைத் திறந்தார். நான் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒரு முட்டையில் ஊசி இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முனை ஆடி முட்டை உடையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திட்ட முடியாது. ஆகவே ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் நடுவில் திட்டினேன்.

"ரெண்டரை வருஷமா காதுல பூ சுத்தியிருக்கீங்க."

ஊசி.

"என் கட்டுரையில மூணு இடத்துல பதினேழுன்னு எழுதியிருக்கேன். மூணும் பொய்."

ஊசி.

"இது ஆராய்ச்சிக்கூடமா, இல்ல உங்க மாமனார் வீடா?"

ஊசி.

"பதில் சொல்லுங்கண்ணே!"

"நீங்க மூச்சு விட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த தட்டைத் தள்ளி வைத்தார். "ஒரு நாள் அத்தைக்கு ஊசி போட்டேன், முட்டை வரல. அந்த வருஷம் இருந்த ஆராய்ச்சிக்காரர் ரயிலுக்கு நேரமாச்சுன்னு வாசல்ல குதிச்சுக்கிட்டு நின்னாரு. அன்னிக்கு நாத்தனார் ரெண்டு தட்டு போட்டிருந்துச்சு. ஒரு தட்டு மூடியில பதினேழுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவரும் வாங்கிட்டு ஓடிட்டாரு. அவ்வளவுதான். ஒரு தடவை எழுதின கைய அப்புறம் நிறுத்த முடியல. நாத்தனார யாரும் கேட்டு வரக் கூடாதுன்னு அதோட கார்டுல சுமார்னு எழுதி வெச்சேன்."

ஊசி.

"முட்டை வரலன்னு எழுதியிருந்தா என்ன? மூணு தடவை தப்பினாத்தானே எடுத்துடுவாங்க. இன்னும் ரெண்டு தடவை இருந்துச்சே."

"ரெண்டு தடவைக்கப்புறம்?"

மூன்று முறை ஊசி போட்டும் முட்டை இல்லாவிட்டால் தவளையை மயக்க மருந்துத் தண்ணீரில் விட்டுவிடுவோம், அது அப்புறம் எழுந்திருக்காது. அதற்கு எங்கள் கூடத்தில் நீக்கம் என்று பெயர்.

"அப்படி என்ன அந்தத் தவளை மேல?" என்றேன், கொஞ்சம் தணிந்த குரலில்.

"ஒண்ணுமில்ல. மத்ததெல்லாம் தீனி போட்டா மேல வரும். இது என்னப் பாத்தா மேல வரும். வெறுங்கையோட போனாலும் வரும்." பிறகு, "இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு டாக்டரம்மா, திட்டறத கொஞ்சம் சுருக்கிக்கிட்டா நல்லது" என்றார்.

இருநூற்றுப் பத்து முட்டைகளுக்கு ஊசி போட்டேன். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் ஊசி. கடைசி முட்டையை முடித்துத் தலையை நிமிர்த்தியபோது முதல் தட்டில் முட்டைகள் நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரிய ஆரம்பித்திருந்தன. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன். செத்ததைப் பொறுக்கி, தண்ணீர் மாற்றி, தொட்டியண்ணனோடு பேசாமல் இருந்தேன். அவர் மட்டும் காலையும் மாலையும் வந்து, "நாத்தனார் பிள்ளைங்க எப்படி இருக்கு?" என்று கதவோரம் கேட்டுவிட்டுப் போவார்.

செவ்வாய்க்கிழமை எண்ணினேன். வெறும் ஊசி போட்டதில் உயிரோடிருந்தவை தொண்ணூற்றாறு. தொண்ணூற்று நாலில் இதயம் இடது பக்கம். மருந்து கொடுத்ததில் எண்பத்தொன்பது. எழுபத்தொன்றில் வலது பக்கம். மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் அதேதான். விடாக்கண்டருக்கு இதற்கு மேல் வாய் திறக்க வழியில்லை. தொட்டியண்ணனுக்கு ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், பேசாமலே.

ஆனால் தொண்டையில் ஒரு முள் நின்றது. பதினேழு என்று அச்சாகப்போகிற அந்த மூன்று இடங்கள். அப்படியே விட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. தவளையைப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொய்ப் பல் செய்யறவன்கிட்ட கேக்கறியா?" என்று சிரித்தார். பிறகு, "செட்டுல ஒரு பல் கோணலா இருந்தா கடிக்கறவனுக்குத் தெரியும்" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த ஒரு எண் பொய் என்று தெரிந்த பிறகு மற்ற எண்களை நானே நம்பமாட்டேன்.

புதன்கிழமை திருத்தக் கடிதம் எழுதினேன். பதினேழு என்று வரும் இடத்திலெல்லாம் முப்பத்தொன்று என்று படிக்கவும், காரணம் எங்கள் கூடத்தில் நடந்த குறிப்புப் பிழை. அதில் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் பத்திரிகை எடுத்துக்கொள்ளாது. பத்திரிகையின் ரசீது இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு என் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். தொட்டியண்ணனையும் அழைத்துக்கொண்டு நாலு மணிக்குப் பேராசிரியர் அறைக்குப் போனேன். வழியில் தொட்டியண்ணன், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்றேன்" என்றார். போய் நின்றதும் வாயே திறக்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி தேய்ந்துவிடுமோ என்றிருந்தது.

"முப்பத்தொண்ணுக்கு சுமார்னு எழுதினீங்களா?" என்றார் தொட்டியண்ணனிடம்.

"ஆமாங்கய்யா."

"இவ்ளோ அருமையா முட்டை போடற தவளைக்கு!" அவரால் தாங்க முடியவில்லை. "ரெண்டரை வருஷமா ஒரு ஜீவனோட தரத்த மறைச்சிருக்கீங்க. இது அநியாயம் இல்லையா? உங்கள என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கிறேன். முதல்ல அதோட கார்ட திருத்துங்க. எல்லாத்தையும் மிக நன்றுன்னு மாத்துங்க."

வேலை போகவில்லை என்று தொட்டியண்ணனுக்கு உறைக்கவே அரை நிமிஷம் பிடித்தது. நான் கடிதத்தை முன்னால் நகர்த்தினேன். பேராசிரியர் பேனாவை எடுத்தவர், கீழே வைத்தார். பதினேழின் அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இத முடிச்சுட்டு அதுல போடறேன்" என்றார். அட்டையின் அடியில் நிலை என்ற தலைப்பில் நாலு கட்டங்கள் இருந்தன. அவர் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "முட்டையிடுகிறது. இல்ல. ஓய்வில். எதுக்கு ஓய்வு? நோய். நோயும் இல்ல. அப்ப நாலாவதுதான். நீக்கம். டிக் பண்ணுங்க."

தொட்டியண்ணன் பின்னால் மூச்சை இழுப்பது கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது.

"சார், பதிவுல அது ஒரு தடவைதானே தப்பியிருக்கு?"

"ரெண்டரை வருஷம் தப்பியிருக்கு. விதிய நான் எழுதல. இந்த விலங்கால ஆராய்ச்சிக்கு என்ன பயன்னு குழு கேக்கும். நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க, அதால என்ன பயன்?"

நான் பேனாவை எடுத்தேன். ஒரு டிக். ஆறு வருஷம், கழுத்து வலி, குமாஸ்தா, டாக்டரம்மா எல்லாம் அந்த ஒரு டிக்குக்கு அப்பால் நின்றன. பேனா கட்டத்தின் மேல் போய் நின்றது. ஊசி போடுவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை இறங்கவில்லை.

"எட்டு வருஷமா எல்லாரும் என்னையும் அதத்தான் சார் கேக்கறாங்க" என்றேன்.

பேராசிரியர் திடுக்கிட்டார். "நான் தவளையப் பத்திக் கேட்டேன்."

"நானும் தவளையப் பத்தித்தான் சார் சொல்றேன்."

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார், தொட்டியண்ணன் தரையைப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் நாலாவது கட்டத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் ஒரு வார்த்தை எழுதி, அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கடிதத்தையும் அதன் பக்கத்தில் வைத்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும் என்று இருந்தது. பொய் சொல்லவில்லை, வீம்பு பேசவில்லை, அப்படித்தான் இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இருக்கிறது" என்றார். "இது என்ன நிலை?"

"உண்மையான நிலை சார்."

அவர் அந்த வார்த்தையை வெகுநேரம் பார்த்தார். அதில் தப்புக் கண்டுபிடிக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. முட்டையிடுகிறது என்றால் பொய். ஓய்வு என்றால் பொய். இது பொய் இல்லை. கீழே தொட்டியில் அது இருக்கிறது.

இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். நான் எழுதிய வார்த்தைக்கு முன்னால் அளந்து நாலு கோடு போட்டு, மற்ற நாலு கட்டங்களோடு அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதற்குள் தானே ஒரு டிக் போட்டார். "கட்டம் இல்லாம நிலை எழுதக் கூடாது" என்றார் எரிச்சலோடு.

பிறகு அட்டையைத் தொட்டியண்ணனிடம் நீட்டினார். "மத்த கார்டுலயும் இந்தக் கட்டத்தப் போட்டு வைங்க."

"நாப்பதுக்குமாங்கய்யா?"

"நாப்பதுக்கும்தான். எல்லாத்துக்கும் ஒருநாள் வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.